ஆறு மாதமாகத் தயங்கிய கியர்

என் அக்கா யார் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டாள். குணத்தைக் குறை சொல்லவில்லை, அவள் தொழில் அப்படி. பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு மாற்றிக்கொண்டவர்கள், மாடிப்படியில் விழுந்தவர்கள் என்று வீடு வீடாகப் போய் நடக்கப் பழக்கும் பிசியோதெரபிஸ்ட் அவள். வலி எத்தனை நாளாக என்று கேட்டால் எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்களாம். ஒரு வாரம் என்றால் ஒரு மாதம் என்று அர்த்தம். ஒரு மாதம் என்றால் நாலு மாதம். அதனால் சொன்னதை நாலால் பெருக்கி அட்டையில் எழுதிக்கொண்டு, அப்புறம் வீட்டு ஆட்களைத் தனியே கூப்பிட்டு விசாரிப்பாள். பெரும்பாலும் அவள் கணக்குதான் சரியாக இருக்கும்.

பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். ஒரு நோயாளிக்குப் பன்னிரண்டு நிமிடம், அதற்கு மேல் போனால் மேற்பார்வையாளர் அம்மாள் வாசலில் வந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "பன்னெண்டு நிமிஷத்துல ஒருத்தர் கட்டில்லேருந்து இறங்கவே முடியாதுடா" என்று என்னிடம் புலம்பிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டாள். வீடுகளுக்குப் போக வேண்டுமென்றால் மடக்கு மேசை, நடைச்சட்டம், மணல் பைகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பஸ்ஸில் அதெல்லாம் ஏறாது. கார் வேண்டும். பழைய கார்தான் கட்டுப்படியாகும்.

அந்தக் காரைப் பார்த்துப் பிடித்துக் கொடுத்தவன் நான். நீட்டித்த வாரண்டியும் சேர்த்து எடுக்கச் சொன்னவனும் நானே. "எஞ்சினோ கியர்பாக்ஸோ போனா கம்பெனி பாத்துக்கும், நீ நிம்மதியா தூங்கலாம்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

ஐந்தாவது மாதம் கியர்பாக்ஸ் போயிற்று.

முதலில் இரண்டாவது கியருக்குப் போகும்போது வண்டி ஒரு நொடி யோசித்தது. ஒன்றரை மாதம் கழித்து, ஒரு மேட்டில் ஏறும்போது யோசனையோடு நின்றே விட்டது. மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, "முழுசா மாத்தணும்மா, வாரண்டி இருக்கில்ல, கவலைப்படாதீங்க" என்றார். அக்கா இரண்டு நோயாளிகளுக்கு நடுவில், யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை மேடையில் வைத்து விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. நிராகரித்துவிட்டார்கள். காரணம் ஒரே வரி: தங்களுடைய சொந்த வாக்குமூலத்தின்படி, கோளாறு ஒப்பந்தத்துக்கு முன்பே இருந்திருக்கிறது.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். என் பொறுமையெல்லாம் கடையிலேயே செலவாகிவிடும், வீட்டுக்கு மிஞ்சாது. "திருட்டுப் பசங்க! நீ என்ன எழுதினே, அவங்க என்ன சொல்றாங்க? நகல் எங்க, காட்டு" என்று குதித்தேன்.

அக்கா போனில் நகலைத் திறந்து நீட்டினாள். 'கோளாறு எவ்வளவு காலமாக உள்ளது?' என்ற கட்டத்தில், அவளுடைய அழகான கையெழுத்தில், 'ஆறு மாதமாக' என்று இருந்தது.

"அக்கா, கார் வாங்கியே அஞ்சு மாசம்தானே ஆச்சு?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "ஒன்றரை மாசம்... நாலால பெருக்கிட்டேன்டா" என்றாள். "கை தானா எழுதிடுச்சு."

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. காருக்கும் நோயாளி அட்டை எழுதியவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

சிரித்துத் தள்ளிவிடுகிற விஷயமும் இல்லை. கார் இல்லாத மூன்று வாரத்தில் அவள் பாதி வீடுகளைத்தான் பார்க்க முடிந்தது. கியர்பாக்ஸைச் சொந்தமாக மாற்ற வழியில்லை. பழைய ஆஸ்பத்திரியில் இடம் காலியாக இருந்தது. சேருவதென்றால் வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வீடுகளை விட்டுவிட்டு அவள் மறுபடியும் பன்னிரண்டு நிமிடத்துக்குள் போய் அடைபட வேண்டும். என் பேச்சைக் கேட்டு வாங்கிய காரால் அவளுக்கு இந்த நிலைமை என்று நினைத்தபோதெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை இருவரும் வாரண்டி கம்பெனிக்குப் போனோம். கிளம்பும்போதே அக்கா எச்சரித்தாள். "நீ வாயைத் திறக்கக் கூடாது. திறந்தே, வெளியே உக்கார வச்சிடுவேன்."

இரண்டாவது மாடி. டோக்கன் எடுத்து ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு எங்களைக் கூப்பிட்ட அதிகாரிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், நாங்க எதுவும் சொல்லல. நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. ஆறு மாசம்னு."

"தப்பா எழுதிட்டேன் சார்" என்று அக்கா நாலால் பெருக்கும் கதையைச் சொன்னாள். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

"வாரண்டி குடுக்கறதுக்கு முன்னாடி உங்க ஆளு ஒருத்தர் வண்டியை ஓட்டிப் பாத்தாரில்லையா? அவரு எழுதின ரிப்போர்ட்டைப் பாத்தீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"அது தனி ஃபைல் மேடம். உங்க வாக்குமூலமே இருக்கறப்ப அதைப் பாக்கத் தேவைப்படல."

"இப்ப பாக்கலாமே. நாங்க காத்திருக்கோம்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அலமாரிக்குப் போக எழுந்தார். எழும்போது இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தார். அக்காவின் கண் அங்கே போய்விட்டது.

"இடுப்பா சார்? எத்தனை நாளா?"

"ஒண்ணுமில்ல மேடம். ஒரு வாரமா, லேசா."

பக்கத்து மேசைப் பெண் தலையைத் தூக்கினாள். "ஒரு வாரமா? சார், போன மாசம் ஆரம்பத்துலயே நாற்காலிய மாத்தச் சொல்லி மனு குடுத்தீங்களே, நான்தானே டைப் பண்ணேன்!"

அவர் அசடு வழிய நின்றார். அக்கா சிரிக்கவில்லை. "எல்லாரும் இப்படித்தான் சார் சொல்லுவாங்க. அதான் எனக்குப் பழக்கமாயிடுச்சு. ஆனா கார் அப்படி மறைக்காது. அதுக்குப் போய் இதே கணக்கைப் போட்டது என் தப்பு" என்றாள்.

அவர் போய் ஃபைலைக் கொண்டுவந்தார். ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதி. பதினெட்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்ததாகக் குறிப்பு. கியர்பாக்ஸ் வரிசையில் எல்லாக் கட்டத்திலும் 'சரி'. கீழே அவர்கள் பரிசோதகரின் கையெழுத்து. அதிகாரி அதை இரண்டு தரம் படித்தார். அக்காவிடம் புதிதாக ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டார்.

"முடிவு என் கையில இல்ல மேடம். மேலே அனுப்பறேன். என் குறிப்போட அனுப்பறேன்" என்றார்.

கிளம்புவதற்கு முன் அக்கா அவருக்கு எப்படி எழ வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். லஞ்சம் மாதிரி ஆகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

செவ்வாய் போயிற்று, புதன், வியாழன் போயின. போன் வரவில்லை.

வெள்ளிக்கிழமை நானும் லீவு போட்டுவிட்டு அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேற்பார்வையாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சேரும் படிவம் அவள் மடியில் இருந்தது. பெயர், வயது, அனுபவம் எல்லாம் நிரப்பியாயிற்று. பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். எனக்கு அவளை நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது.

"ஆமா சார்... முழுசாவா? ... வேலைக்கூலியும் சேர்த்தா? ... எழுத்துல வருமா?" கேட்டதையே மூன்று தரம் கேட்டாள். வாரண்டி கம்பெனி அதிகாரி மூன்று தரமும் பொறுமையாக ஆமாம் சொல்லி வயிற்றில் பால் வார்த்தார்.

உள்ளேயிருந்து அவள் முறை வந்ததாகக் கூப்பிட்டார்கள். அக்கா வாசலிலேயே நின்று, "மன்னிச்சிடுங்கம்மா, நான் சேரல" என்றாள். காரணம் கேட்பதற்குள் படியில் இறங்கிவிட்டாள். அவள் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

தெருவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்பது போல முறைத்தார்கள். முறைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு முதலில் ஓர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவரின் வீட்டுக்குப் போன் போட்டாள். பக்கவாதம் வந்தவர். மூன்று வாரமாக அவள் போக முடியாத வீடுகளில் அதுவும் ஒன்று. டிரைவரின் மனைவிதான் எடுத்தார்.

"அம்மா, அவருகிட்ட சொல்லிடுங்க. செவ்வாய்க்கிழமையிலேருந்து பழையபடி வரேன்."

அந்த அம்மாள் உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது அந்த அம்மாள் சிரிப்பது எனக்கே கேட்டது.

"செவ்வாய்க்கிழமைன்னு ரெண்டு வாட்டி சொல்லிட்டேன்மா. கேக்கவே மாட்டேங்கறாரு. ஷூவை மாட்டிவிடச் சொல்லி, மாட்டிக்கிட்டு, வாசலைப் பாத்து உக்காந்திருக்காரு."

"கழட்ட வேண்டாம்னு சொல்லுங்க. இப்ப பஸ் ஏறிடறேன்" என்றாள் அக்கா.