சுரபுன்னைக்குள் ஒரு லைட்

கடலூர் கடலில் சூரியன் உதிக்கும், இறங்காது. இறங்குவது ஊர்ப்பக்கம், வீடுகளுக்குப் பின்னால். கல்யாண ஜோடிகள் அதை யோசிக்க மாட்டார்கள். தண்ணீரில் சூரியன் இறங்குகிற மாதிரி போட்டோ வேண்டும் என்பார்கள். என் வீட்டுக்காரர் அவர்களைப் பிச்சாவரத்துக்கு அழைத்துப் போவார். அது சுரபுன்னைக் காடு நிறைந்த உப்பங்கழி. மேற்கே பார்த்தாலும் தண்ணீர் இருக்கும்.

சிதம்பரத்தில் எங்களுக்குச் சின்ன ஸ்டூடியோ. அவர் படம் எடுப்பார், நான் லைட் பிடிப்பேன். நான் எட்டாவதோடு நின்றவள். பெண்ணுக்குப் புடவை மடிப்பு சரிசெய்ய ஒரு பொம்பளை வேண்டும் என்றுதான் முதலில் கூட்டிப் போனார். பிறகு லைட்டும் கைக்கு வந்தது.

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கருத்துவிடும். கேமரா மேலேயே ஃப்ளாஷ் போட்டால் மாவு பூசின மாதிரி வெளுத்துவிடும். அதனால் லைட்டைக் கழற்றிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். கேமரா தலையில் ஒரு டப்பா, லைட்டுக்கு அடியில் ஒரு டப்பா. நடுவில் வயர் கிடையாது. அவர் அங்கே அமுக்கினால் இங்கே என் கையில் எரியும். லைட் முகத்தில் ஆரஞ்சுக் கண்ணாடித்தாள் ஒட்டி, அதன்மேல் வேட்டித் துண்டு ஒன்றைக் கட்டுவேன். அப்போதுதான் வானத்து நிறமும் முகத்து நிறமும் ஒத்துப்போகும்.

மலிவான டப்பா அது. வாங்கின அன்றே தெருவில் வைத்துப் பார்த்தோம். அவர் அமுக்கிக்கொண்டே நடந்து போனார். "வருதா?" என்பார். "வருது" என்பேன். நாலைந்து வீடு தாண்டியதும் வரவில்லை. அதன் பிறகு எங்கே வேலைக்குப் போனாலும் முதலில் இதுதான். வருதா, வருது.

2010 வாக்கில், மாசி மாதம். ஜோடி கடலூர்க்காரர்கள், கல்யாணம் ஆன புதுசு. மாப்பிள்ளை அந்த வாரம் வெளிநாட்டுக்குத் திரும்ப வேண்டும். பெண்ணின் அம்மா படகுத்துறை வரை வந்தார்.

"புதுப்பொண்ணு. கழுத்து நெறய நகை. வெளக்கு வெக்கிற நேரத்துல தண்ணி மேல எதுக்கும்மா?" என்று என்னிடம்தான் கேட்டார்.

"நா கூடவே இருப்பேம்மா. கூட்டியாந்து வுட்டுர்றேன்" என்றேன்.

இரண்டு துடுப்புப் படகுகள். ஒன்றில் ஜோடி, நான், வயசான படகுக்காரர். இன்னொன்றில் என் வீட்டுக்காரரும் ஓர் இளவட்டப் படகுக்காரரும். சூரியன் மரங்களுக்கு நடுவில் தெரிகிற இடமாகப் பார்த்து, ஒரு குறுகலான வாய்க்காலுக்குள் எங்கள் படகை நுழைக்கச் சொன்னார் என் வீட்டுக்காரர். அவர் வெளியே அகலமான தண்ணீரில் நின்றுகொண்டார்.

"தண்ணி வத்துது தம்பி" என்றார் எங்கள் படகுக்காரர்.

"ரெண்டே ரெண்டு படம், மாமா. வெளிச்சம் போய்டும்."

என் வீட்டுக்காரருடைய ரெண்டு எப்போதும் ரெண்டு இல்லை. வானம் செம்பு மாதிரி இருந்தது. நான் படகின் மூலையில் குனிந்து லைட்டை உயர்த்திப் பிடித்தேன். பத்து இருபது படம் எடுத்திருப்பார். சூரியன் போனது. படகுக்காரர் கழியை ஊன்றித் தள்ளினார். படகு அசையவில்லை. அடி சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

மாப்பிள்ளை இறங்கித் தள்ளுகிறேன் என்று ஒரு காலை வெளியே வைத்தார். தொடை வரை உள்ளே போனது. படகுக்காரரும் நானும் அவர் கையைப் பிடித்து இழுத்தோம். கால் வந்தது, செருப்பு வரவில்லை.

"சொந்தக் காசு செருப்பா, மாமனார் வாங்கினதா?" என்று கேட்டார் படகுக்காரர்.

"மாமனார் வாங்கினது."

"அப்ப சேறே வெச்சிக்கட்டும்."

பெண் சிரிக்கவில்லை. தாலியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அடுத்த படகு கிட்டே வந்தால் அதுவும் மாட்டிக்கொள்ளும். செல்போனில் டவர் இல்லை. கயிறும் ஆளும் வேண்டும், துறைக்குப் போய்க் கொண்டுவருகிறோம் என்றார்கள். போகும்போது என் வீட்டுக்காரர் திரும்பி, "லைட்ட ஆஃப் பண்ணாத" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் புரிந்தது.

துடுப்புச் சத்தம் தேய்ந்தது. பிறகு இல்லை.

இருட்டு மரத்தடியிலிருந்து வந்தது. வானத்தில் வெளிச்சம் இருக்கும்போதே வேர்களுக்கு நடுவில் ஒன்றும் தெரியவில்லை. அங்கே வாய்க்கால்கள் எல்லாம் ஒரே மாதிரி. பகலிலேயே நாலு தரம் போன இடத்தை நான் அடையாளம் சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரருக்கு நீச்சலும் தெரியாது.

தண்ணீர் இன்னும் இறங்கியது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. நாங்கள் எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தோம்.

"திரும்ப தண்ணி எப்ப ஏறும்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"ஏறும். நீங்க ஆடாம ஒக்காருங்க" என்றார் படகுக்காரர்.

கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் அந்த லைட் தானாகத் தூங்கிவிடும். தூங்கினால் அவர் தேடி வரும்போது கேமராவை அமுக்கினாலும் எரியாது. அடிக்கடி பட்டனைத் தொட்டு எழுப்பிக்கொண்டே இருந்தேன். உள்ளே இருக்கும் நாலு பேட்டரி செல்லும் சாயங்காலம் முழுக்க உழைத்தவை. மாற்று செல் இருந்த பை அவர் படகில் போய்விட்டது. எரியத் தயார் என்று காட்டும் சிவப்புப் புள்ளி லைட்டின் பின்பக்கம் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தேன்.

"அக்கா, ஒரு தடவ எரிய வுடுங்களேன். பயமா இருக்கு" என்றாள் பெண்.

"வேணாம்மா."

"ஒரே ஒரு தடவ."

"தீந்துடும்."

"லைட்டுக்காரங்கள கூட்டியாந்து இருட்டுல ஒக்காந்திருக்கோம்" என்றார் மாப்பிள்ளை. குரலில் சிரிப்பு இல்லை.

வேட்டித் துணியை அவிழ்த்தேன். கண்ணாடித்தாளையும் பிய்த்தேன். இனி எரிந்தால் முழுசாக எரியட்டும். லைட்டின் முகத்தை வானம் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

எங்கேயோ ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. படகுக்காரர் பதில் கூவினார். அவர் குரல் நாலு பக்கமிருந்தும் திரும்பி வந்தது. கூப்பிட்டவர்களுக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும். அந்தச் சத்தம் விலகிப் போனது. வேறு பக்கம் போகிறார்கள் என்று தெரிந்தது. பெண் என் முழங்கையைப் பிடித்தாள். கையிலே லைட் இருக்கிறது, நானே அமுக்கலாம். ஆனால் அவர்கள் தூரத்தில், மரத்துக்குப் பின்னால், முதுகைக் காட்டிக்கொண்டு போகும்போது அமுக்கினால் யார் பார்ப்பது? மறுபடி சிவப்புப் புள்ளி வராமலே போனால்?

அமுக்கவில்லை. அது சரியா என்று அப்போது தெரியாது. பட்டனைத் தொட்டேன். புள்ளி மங்கலாக வந்தது. மறுபடி தொட்டேன். கொசு மொய்த்தது, விரட்டக் கை எடுக்கவில்லை.

அப்புறம் என் கையில் பளிச்சென்றது.

நான் அமுக்கவில்லை. ஒரு கணம் எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. வேர், சேறு, சாய்ந்த படகு, பெண்ணின் திறந்த வாய். பிறகு முன்னைவிடக் கருப்பு. லைட் உள்ளே ஊளையிட்டுக்கொண்டு மெதுவாகச் சார்ஜ் ஏறியது. புள்ளி வரவில்லை. வரவே வரவில்லை. வந்தது. வந்ததும் மறுபடி எரிந்தது.

மரங்களுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது.

"வருதா?"

நான் லைட்டை இன்னும் உயரத் தூக்கினேன். படகுக்காரர்தான், "வருது தம்பி, வருது" என்று கத்தினார்.

பெரிய படகு, கயிறு, நாலு ஆள். இழுத்து எடுத்தார்கள். துறையில் பெண்ணின் அம்மா என்னைத் தாண்டிப் போனார். மகளின் கழுத்தைத் தொட்டார், முகத்தைத் தொட்டார், ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் ஸ்டூடியோவில் என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரைப் போட்டார். செம்பு வானமும் ஜோடியும் நன்றாக வந்திருந்தன. அதற்குப் பிறகு வரிசையாகக் கருப்புப் படங்கள். ஒவ்வொரு வாய்க்கால் வாசலிலும் படகை நிறுத்தி அமுக்கியிருக்கிறார். ஒன்றிலும் ஒன்றுமில்லை. கடைசி ரெண்டில் மட்டும் ஒரு மூலையில் வெள்ளையாகக் கொஞ்சம்.

"எல்லாம் வேஸ்ட். அழிச்சிடட்டா?" என்றார்.

"கிடக்கட்டும்" என்றேன்.