பனங்களி பூசின ரேடியோ

அதுதான் பிள்ளை, அந்த ரேடியோவை நினைச்சால் எனக்கு இண்டைக்கும் அருவருக்குது. அப்ப சண்டைக் காலம், நாங்கள் வேலணையில. கரண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. என்ரை மனிசன், இவர், பழைய சாமான்களைப் பொறுக்கி, பிஸ்கற் ரின்னுக்கை தானே ஒரு ரேடியோ பூட்டினவர். சைக்கிளைக் கவிட்டு வைச்சு நான் பெடலைச் சுத்தினால், டைனமோவில அது கதைக்கும்.

என்ரை மாமா கொழும்பில நோய் வந்து ஏலாமல் கிடந்தவர். கடிதமும் வாறேல்லை. ரேடியோ மரண அறிவித்தலில அவற்றை பேர் வருதோ எண்டு பின்னேரத்தில காதைக் குடுத்துக்கொண்டிருப்பன். அந்த நேரம் பாத்து அது கரகரத்து நிண்டிடும். இவர் வீட்டுக்குப் பின்னாலை கோடிக்குக் கொண்டுபோய்த் திருத்துவார், ரெண்டு நாளில திரும்பவும் அதே கதை.

"என்னப்பா பிழை?" எண்டால், "நீ ஒழுங்காச் சுத்தேல்லை" எண்டுவார்.

கை உளைஞ்சு, ஒருநாள் நானே மூடியைக் கழட்டினன். சீ, உள்ளுக்கை முழுக்கக் கரப்பொத்தான் பூச்சி, அதுகளின்ரை பீ, முட்டை. ஸ்பீக்கர்க் கடதாசி கிழியக் கிழிய, மனிசன் பனம்பழம் பிசைஞ்ச பனங்களியைப் பூசி ஒட்டியிருக்கிறார். பூசப் பூச அதுகள் கடதாசியோட திண்டிருக்குதுகள்.

"களி நல்லா ஒட்டுமெல்லே" எண்டார்.

"ஓம், கரப்பொத்தானுக்கு விருந்துதான்" எண்டன்.

எல்லாத்தையும் துடைச்சு, ஆலம்பால் வைச்சு நானே ஒட்டினன். அண்டைக்கு அறிவித்தல் முழுக்கக் கேட்டுது. மாமான்ரை பேர் இல்லை. சந்தோசத்தில பெடலை விடாமல் பாட்டும் கேட்டன்.

பொறும் பிள்ளை, அடுப்பில பால் பொங்குது.