எழிலரசியின் கிருமி

நான் வசிக்கும் ஜெர்மன் ஊரின் கடைகளில், பணம் கட்டும் இடத்தில் மிட்டாய்களுக்குப் பக்கத்திலேயே மெக்னீசியம் மாத்திரையும் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் பாட்டிலைக்கூட அதில் மெக்னீசியம் எவ்வளவு என்று படித்துப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். வந்த புதிதில் என் கெண்டைக்கால் பிடிப்புக்கு, கீழ்வீட்டு அம்மா ஃபிராவ் கெல்லர் ஒரு குழல் மாத்திரை கொண்டுவந்தார். இது இல்லாமல் எந்த உயிரும் வாழாது என்றார். கிருமிகளும் அப்படித்தான், அதுதான் என் ஆராய்ச்சி என்று அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். மாத்திரையில் கிருமி இருப்பதாகச் சொல்கிறேன் என்று எண்ணி, குழலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். உடன் வேலை செய்தவள் சதுரங்கப்பட்டினத்துக்காரி எழிலரசி. குடற்காய்ச்சல் தரும் சால்மோனெல்லாவை நம் இரத்த வெள்ளணுக்கள் விழுங்கிவிடும். விழுங்கிய பைக்குள் மெக்னீசியம் மிகக் குறைவு. அந்தப் பஞ்சத்தில் கிருமி தன் சுவரில் அவசர வாயில்களைத் திறந்து, கிடைக்கிற மெக்னீசியத்தை உள்ளே இழுத்துத் தப்பிக்கிறது, பிறகுதான் நோய். எழிலரசி அப்படி ஒரு வாயிலை நீக்கிய கிருமியை உருவாக்கினாள். அது எலியை வீழ்த்தாது, மெக்னீசியம் மிகக் குறைந்த ஊட்டக்கரைசலில் வளரவும் வளராது என்றாள். இந்த வேலையைத் தொடர ஜெர்மனியில் ஒருவருக்கு இடம் தருவதாக அழைப்பு வந்திருந்தது. அவள் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

அந்தக் கோடையில் மின்வெட்டு. தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கருவி ஓடவில்லை. இம்மாதிரி நாட்களில் கேனில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து வைப்பது எங்கள் கூடத்துப் பழக்கம். பாத்திரம் கழுவ மட்டும். மெக்னீசியம் மிகுந்த உப்புத் தண்ணீர், காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அவசரத்தில் நான் அதிலேயே கரைசலைக் கலந்தேன். அவள் கிருமி கொழுகொழுவென்று வளர்ந்தது. மெக்னீசியம் தாராளமாக இருந்தால் சாதாரண வாயில்களே அதற்குப் போதும். முடிவைப் பார்த்ததும் தண்ணீரின் வேலை என்று புரிந்துவிட்டது. ஆனாலும் அவள் சொன்னது தவறு என்று கூட்டத்தில் அறிவித்தேன். ஜெர்மனிக்கு நான் போனேன். அவள் கிருமியையும் எடுத்துப் போனேன். சுத்தமான தண்ணீரில் கலந்த கரைசலில் அது வளரவில்லை. எலிகளும் பிழைத்தன. அந்த முடிவு என் பெயரில் வந்தது.

பத்தாண்டு கழித்து அவளை ஊரப்பாக்கத்தில் தேடிப் போனேன். ஆராய்ச்சியை விட்டுவிட்டு வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகளை அனுப்பிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னா சார், இத சொல்லவா ஃப்ளைட் புடிச்சி வந்தீங்கோ?"

மன்னிப்புக் கேட்டேன்.

"அது கெடக்கட்டும். வளரலதான?"

"வளரல."

சிரித்தாள். பெருமையான சிரிப்பு. அப்புறம் முகம் மாறியது.

"என் வூட்ல வந்து எங்கிட்ட சொல்றது ஈஸி சார். எனக்குத்தான் அப்பவே தெரியுமே. உங்களுக்கு மரியாத குடுத்துகினு கீறாங்களே, அவங்களாண்ட போய் சொல்லுங்கோ."

அவள் கணவர் டீ கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை போதுமா என்றார். போதும் என்றேன். அன்று அந்த வீட்டில் என்னிடம் வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவள் சொன்னதைச் செய்ய எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை; பதவி இருக்கும்வரை பயம் இருந்தது. ஓய்வு பெற்ற அன்று, பாராட்டுப் பேச்சுகள் முடிந்தபின் எழுந்து சொன்னேன். எங்கள் துறைத் தலைவர் என் தோளைத் தட்டினார். தண்ணீரில் மாசு கலப்பது எந்தக் கூடத்திலும் நேர்வதுதான் என்றார். தமிழில் என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம், அவர் மொழியில் ஒரு தொழில்நுட்பக் கோளாறு. இல்லை, தெரிந்தேதான் மறைத்தேன், இங்கே வந்திருக்க வேண்டியவள் அவள் என்று மறுபடி சொன்னேன். அவர் கை தோளிலிருந்து இறங்கியது.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் அவள் பெயரைக் கேட்டாள். பலகையில் எழுதினேன். ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார்கள். ழகரம் ஒருவருக்கும் வரவில்லை. நான் திருத்திக்கொண்டே இருந்தேன். என் பெயரை அவர்கள் பிழையில்லாமல் சொல்லப் பழகி வெகுகாலம் ஆகிவிட்டது.