இருபத்தைந்தாவது அளவு

புள்ளியியல் வாத்தியார் வேலையில் ஒரு சௌகரியம் உண்டு: சொன்னது தப்பாகிப்போனால், "அதற்குத்தான் ஐந்து சதவீதம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்" என்று தப்பித்துக்கொள்ளலாம். போடியில் ஒரு கல்லூரியில் இருபது வருடமாக அந்தச் சௌகரியத்தில்தான் காலம் தள்ளினேன். என்னைப் போலச் சாக்பீஸ் தூளில் தொண்டை கட்டிய வாத்திமார்கள் இதைப் படித்தால் கொஞ்ச தூரம் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு வருவது ஒரு மாணவியின் அம்மாவைப் பற்றியது. நான் சொன்ன சொல்லை நம்பி அந்த அம்மா டாக்டரிடம் போகாமல் இருந்துவிட்டார்.

மூட்டைக்குள் கை

மூட்டையிலிருந்து ஒரு கை காயை அள்ளி அளந்து, மொத்த மூட்டையின் சராசரி இந்த எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் நடுவில் இருக்கும் என்று சொல்வதுதான் நம்பிக்கை இடைவெளி. ஏலக்காய் ஊரில் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று எனக்கு உள்ளூரப் பெருமை. வகுப்பே தலையாட்டியது. சிலமலையிலிருந்து வரும் ஒரு மாணவன் மட்டும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். அவன் அப்பா ஏலக்காய்க் கடையில் மூட்டை தைக்கிறவர்.

"மேலாக்க அள்ளுனா எல்லாம் பெரிய காயாத்தான் சார் வரும். அடியில கையை விட்டுப் பாருங்க, அப்பத் தெரியும் சங்கதி."

யானை வந்ததா, வரவில்லையா

அடுத்த பாடம் இன்மை எடுகோள். ஆதாரம் கிடைக்கிற வரைக்கும் "வேறுபாடு ஒன்றும் இல்லை" என்றே வைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் முறை என்றேன். தேவாரம் என்ற ஊரிலிருந்து வரும் வனிதா எழுந்தாள். அவள் அம்மா தினமும் விடியலில் ஜீப்பில் மலையேறி, ஏலத் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு சாயங்காலம் திரும்புகிறவர். வனிதா அதிகம் பேச மாட்டாள். பேசினால் எனக்கு அன்றைய பாடம் முடிந்த மாதிரிதான்.

"எங்க பக்கம் யானை எறங்கிருச்சுன்னு ஒருத்தர் சொன்னா, வரலைன்னு தெரியிற வரைக்கும் வந்துருச்சுன்னுதான் சார் வச்சுக்கிருவோம்."

மெசின் கோளாறு

கடைசி வருடப் புராஜெக்ட்டுக்கு வனிதா எடுத்த கேள்வி நன்றாக இருந்தது. காய் எடுக்கப் போகும் பெண்களின் ரத்த அழுத்தச் சராசரி, வழக்கமாகச் சொல்லும் நூற்றிருபதிலிருந்து வேறுபடுகிறதா? மெடிக்கல் கடை அக்காவிடம் மெசினை இரவல் வாங்கி, தன் தெருவில் இருபத்தைந்து பேருக்கு அளந்திருந்தாள். இருபத்துநாலு எண்கள் நூறுக்கும் நூற்று நாற்பதுக்கும் நடுவில். ஒன்று மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு.

"அது எங்கம்மா சார்" என்றாள். ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறார், ஜீப்பு ஆட்டத்தில் தலைவலி என்று மட்டும் சொல்வார் என்றாள். மற்றவற்றோடு ஒட்டாத எண் ஒன்று வந்தால் வாத்தியார் மூளைக்கு ஒரே சந்தேகம்தான் வரும். "மெசின் கோளாறும்மா, அதை எடுத்துட்டு இருபத்துநாலுக்குக் கணக்குப் போடு, இடைவெளி அழகாகக் குறுகும்" என்றேன். இன்னொரு தடவை அளந்து பார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. அவள் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது, வெட்கக்கேடு.

"அப்பச் சரி சார், ஒரு வாரமா பயந்துக்கிட்டே இருந்தேன்."

தேவாரத்தில் ஒரு வீடு

பதினைந்து நாள் கழித்து அந்த அம்மா தோட்டத்திலேயே, ஏலச் செடிகளுக்கு நடுவில் விழுந்துவிட்டார். ஜீப்பு வந்து ஏற்றிக் கீழே கொண்டுவரவே வெகு நேரமாகிவிட்டது. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்களாம். மூன்றாம் நாள் இறந்துபோனார்.

துக்கம் கேட்கப் போனேன். மன்னிப்புக் கேட்பதாகத்தான் பஸ்சில் நினைத்துக்கொண்டு போனேன். வனிதாவின் அப்பா எனக்கு நாற்காலி போட்டார், சோடா வாங்கிவரச் சொன்னார். நான் ஆரம்பிப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கேட்க வந்த மன்னிப்பைக் கேட்காமலே திரும்பினேன்.

"மெசின் கோளாறுன்னு சாரே சொல்லிட்டாருன்னு பிள்ளை வந்து சொன்னதுல இருந்து, தெம்பாச் சோலிக்குப் போயிட்டு வந்தா சார். கடைசிப் பதினைஞ்சு நாளும் நிம்மதியாத் தூங்குனா, எல்லாம் உங்க புண்ணியம்."

மறுபடி ஒரு கணக்கு

காரியமெல்லாம் முடிந்து வனிதா கல்லூரிக்கு வந்தாள். புராஜெக்ட்டை இன்னும் ஒப்படைக்கவில்லை. இருபத்துநாலு என்று எழுதியதை இருபத்தைந்து என்று மாற்றலாமா என்று கேட்டாள். மாற்று என்றேன். துறை அறையில் எதிரெதிரே உட்கார்ந்து, இருநூற்றுப் பன்னிரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டோம்.

சராசரி கொஞ்சம் ஏறியது. ஆனால் ஒரு பெரிய எண் உள்ளே வந்தால் எண்களின் சிதறலும் கூடும், இடைவெளியும் அகலும். பழைய இடைவெளிக்குள்ளும் நூற்றிருபது இருந்தது, புதிய இடைவெளிக்குள்ளும் இருந்தது; உள்ளே இருந்தால் வேறுபாடு இல்லை என்று எழுதுவதுதான் முறை. "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று முடிவுரையில் எழுதியிருந்த வரியை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. தாளை என் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டேன். அவளே தாளை இழுத்துப் பார்த்தாள், கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"அம்மாவைச் சேத்தாலும் வித்தியாசம் இல்லைன்னுதான் வருதா சார்?"

அந்தக் கணக்கை அதற்கப்புறம் நான் தனியாக நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், எங்கள் தொழிலில் ஒருத்தரும் குறை சொல்ல முடியாதபடி அது அவ்வளவு சரியாக இருக்கிறது.