தரையில் உட்காரும் தீர்மானம்

லியோனார்டுக்கு மனிதர்களை நம்பும் பழக்கம் கிடையாது. தேயிலைத் தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதும் கிராணியின் மகன் அவன். மழைக்கு ஒதுங்கியவனையும் வேலைக்கு டிமிக்கி கொடுத்தவனையும் ஒரே கண்ணால் பார்க்கும் அப்பாவிடம் வளர்ந்தவன் வேறெப்படி இருப்பான்?

ஜப்பான் சண்டைக்கு முன்னால் இரண்டு வருஷம் சிங்கப்பூரில் கல்லூரியில் படித்தான். அங்கே ஒரு வெள்ளைக்கார ஆசிரியர், “உங்கள் இனத்துக்கு மூளை அவ்வளவுதான்” என்று சொல்லிவிட, மாணவர்கள் மூன்று நாள் வகுப்புக்குப் போகவில்லை. லியோனார்டும் போகவில்லை. ஊர் திரும்பிய பிறகு அவன் இதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. அந்த மூன்று நாளும் தனக்குக் காய்ச்சல் என்பதை மட்டும் சொல்லமாட்டான்.

ஜப்பான்காரன் வந்ததும் கல்லூரி மூடப்பட்டது. மலைமேல் தானா ராத்தா ஊரில் ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் ஜப்பானிய மொழி ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். லியோனார்ட் முதல் ஆளாகச் சேர்ந்தான். மொழிமேல் காதல் ஒன்றுமில்லை. அங்கே படிக்கிறவர்களைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள், அவ்வளவுதான். அவன் தோட்டத்தில் கூலிகள் குடியிருக்கும் லயங்களிலிருந்து போன முப்பது பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

மாணவர்கள் பன்னிரண்டு பேர். பதினோரு பேருக்குப் பெஞ்சு. கோலா தெர்லா காய்கறித் தோட்டத்துச் சீனப் பெண் சியூ லானுக்கு மட்டும் பின்சுவரோரம் தரை. சீனருக்கு அதுதான் இடம் என்றார் ஜப்பானிய ஆசிரியர். மலைக்குளிரில் அந்தச் சிமெண்டுத் தரையில் கால் வைக்கவே முடியாது. அவள் முழங்காலில் நோட்டை வைத்து எழுதுவாள், இருமுவாள்.

ஒரு ஞாயிறு பகலில் அப்துல் சுக்கூர் சாப்பாட்டுக் கடையில் அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டே நாலு பேர் இதைப் பேசினார்கள். லியோனார்ட், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மகள் கத்தரீன், நாகரத்தினம், கடைக்காரரின் தங்கை மகன் சலீம். நால்வரும் ஒரே வகுப்பு.

“நாம எல்லாருமே தரையில உக்காந்துட்டா என்ன பண்ணுவான்?” என்றாள் கத்தரீன்.

“நமக்கெதுக்கு லா? இந்தியன்னா அவன் மரியாதையாத்தான் நடத்துறான். சீனங்களுக்காக நாம மாட்டிக்கணுமா?” என்றான் நாகரத்தினம்.

“முப்பது பேர சயாமுக்கு ஏத்திட்டுப் போனானே, அந்த மரியாதையா?” என்றான் லியோனார்ட். “சிங்கப்பூர்ல நாங்க…”

“கேட்டாச்சு, கேட்டாச்சு,” என்றாள் கத்தரீன்.

சலீம் கிழங்கைத் தட்டில் வைத்தான். “வெள்ளக்காரன் கிளப்பு வாசல்லயே நம்மள நிறுத்துனப்ப யாரும் ஒண்ணும் கேக்கல. ஒங்கப்பா ஆபீஸ் பெஞ்சில லயத்து ஆளு எவனாச்சும் உக்காந்திருக்கானா, லியோ? பேசிக்கிட்டே இருக்கீங்க. உக்காரணும்னா உக்காந்துட வேண்டியதுதான்.”

லியோனார்டுக்குச் சுருக்கென்றது. எந்த ஒற்றன்தான் இப்படிக் கிளப்பிவிடமாட்டான்? இவன் தினமும் ஆசிரியர் வீட்டுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டு போகிறான். போனால் திரும்பி வர அரைமணி நேரம். தூக்கை வைத்துவிட்டு வர அரைமணி நேரமா? அவர் தின்று முடித்ததும் கழுவி எடுத்துவர அவ்வளவு நேரம் ஆகும் என்பது கடைக்காரர் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். கிராணி மகனுக்குத் தெரியவில்லை.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டில், பிடிக்காதவன் பெயரைக் கிராணி போடாமல் தாண்டிவிடுவார். அன்றைக்கு அவனுக்கு வேலை இல்லை. ஏன் என்று கேட்கவும் முடியாது. அப்பா அப்படித் தாண்டுவதைப் பார்த்துப் பார்த்து வெறுத்தவன்தான் லியோனார்ட். ஆனால் புதன்கிழமை வகுப்பு விட்டதும் ஒவ்வொருவர் காதிலும் “திங்கக்கெழம, எல்லாரும் தரையில” என்று சொல்லிக்கொண்டே வந்தவன் சலீமைத் தாண்டிப் போனான்.

“சலீம்கிட்ட சொல்லலியா?” என்றாள் கத்தரீன்.

“அவன் நம்ம ஆளுன்னு ஒனக்கு யாரு சொன்னா?”

“நம்ம ஆளுன்னா?”

அவன் அடுத்த ஆளின் காதைத் தேடிப் போனான். அவளும் விட்டுவிட்டாள். அவளுக்கும் பயம்தான்.

திங்கட்கிழமை பங்களா வாசலில் ராணுவ லாரி நின்றது. உள்ளே பத்துப் பேர், லாரியைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்காரத் துணியாமல், பெஞ்சுகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். “போட்டுக் குடுத்துட்டான் பாத்தியா,” என்றான் லியோனார்ட். நாளே தெரியாதவன் எப்படிப் போட்டுக்கொடுப்பான் என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியாகச் சலீம் ஓடிவந்தான். யாரும் உட்காராமல் நிற்பதைப் பார்த்தான். பின்னால் சியூ லானைப் பார்த்தான். விஷயம் புரிந்து முகம் மலர்ந்தது. “இப்பவாச்சும் தைரியம் வந்துச்சே,” என்று சொல்லி, நேரே போய் அவள் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. லியோனார்ட் பெஞ்சில் உட்கார்ந்தான். அவனைப் பார்த்து மற்ற ஒன்பது பேரும் உட்கார்ந்தார்கள்.

ஆசிரியர் இரண்டு சிப்பாய்களோடு உள்ளே வந்தார். பள்ளியை அவர்களுக்குச் சுற்றிக்காட்டத்தான் அழைத்துவந்திருந்தார். தரையில் இருந்த சலீமைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்துபோனது. வகுப்பிலேயே நன்றாக ஜப்பானிய மொழி பேசுகிற லியோனார்டை எழுப்பி, “இவனை அங்கே உட்காரச் சொன்னது யார்?” என்றார்.

“யாரும் சொல்லவில்லை, ஐயா,” என்றான் லியோனார்ட். “நாங்கள் அவனிடம் எதுவுமே சொல்லவில்லை.”

அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போல அவனுக்கு இருந்தது. சலீமுக்கும் அந்த அளவுக்கு ஜப்பானிய மொழி தெரியும். அதுவரை இவர்கள் கடைசி நேரத்தில் பயந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பான். இப்போது லியோனார்டின் முகத்தையும், தலைகுனிந்திருந்த கத்தரீனையும், மற்றவர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தான்.

சிப்பாய்கள் அவனைத் தூக்கி நிறுத்தினார்கள். அந்த வாரமே அவனைச் சயாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அறையை விட்டுப் போகும்போது அவன் கேட்டது ஒன்றுதான்.

“எனக்கு மட்டுமா சொல்லல, லியோ?”