கடுக்காய் மூட்டைக்கு ஏழாவது நிபந்தனை

அந்த விதியின் மூலக் காகிதத்தை நான் பிற்பாடுதான் பார்த்தேன். ஒரே வாக்கியம். பல தேசத்துப் பெரிய மனிதர்கள் எங்கோ கூடி, கப்பலேறும் காய்ந்த சரக்கில் உயிருள்ள பூச்சி இருக்கக்கூடாது என்று முடிவுசெய்து, கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். நியாயமான ஆட்கள்.

டில்லிக்கு அது போதவில்லை. அதிகாரி ஒருவர் பார்த்துச் சான்று தரவேண்டும் என்றது. சென்னை சும்மா இருக்குமா? மூன்று நாள் விட்டு இன்னொரு முறை பார்க்கவேண்டும், விண்ணப்பம் மூன்று பிரதி வேண்டும் என்றது. சேலம் ஜில்லா ஆபீஸ், அதுவரை சரக்கு பூட்டிய கொட்டகையில் இருக்கவேண்டும், கொட்டகையில் எலிப்பொறி இருக்கவேண்டும் என்று தன் பங்குக்கு இரண்டைச் சேர்த்தது. மொரப்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த சோதனை ஆபீசில் நான் குமாஸ்தா. கல்யாணமாகாத வயது, கொழுப்பு அதிகம். சரக்குக்காரர் சான்று வாங்கும்வரை ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று ஏழாவதாக ஒன்றை எழுதி நீட்டினேன். மேலதிகாரி சபாஷ் என்றார். ஒரு வாரம் தலை கனத்துத் திரிந்தேன்.

அந்தக் கோடையில் சித்தேரி மலையிலிருந்து ஒருவர் ஆறு மூட்டை கடுக்காய் இறக்கினார். கலகலவென்று காய்ந்த சரக்கு. பூட்டி வைத்தோம். சோதிக்கவேண்டிய அதிகாரி வரவில்லை. நாலாம் நாள் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு மழை இறங்கியது.

“சாமி, விதைக்கிற மழைங்க. வூட்டுல பொம்பள மட்டுந்தான், ஏரு புடிக்க ஆளில்லீங்க. ஒரு எட்டு போயிட்டு ஓடியாந்துடறனுங்க” என்றார்.

நான் ஏழாவது நிபந்தனையை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

அதிகாரி ஒன்பதாம் நாள் வந்தார். பூட்டிய கொட்டகையின் புழுக்கத்தில் அதற்குள் மூட்டைக்குள் பூச்சி பிடித்திருந்தது. பூச்சி இல்லை என்று சான்று வாங்க வைத்திருந்த சரக்கு! எலிப்பொறி மட்டும் பழுதில்லாமல் இருந்தது. சான்று கிடைக்காமல் கடுக்காய்க்காரர் மலையேறியபோது நிலத்தில் ஈரம் காய்ந்துவிட்டது. அந்த வருஷம் அவர் வீட்டில் சாமை இல்லை என்று பின்னால் வந்த மலைக்காரர்கள் சொன்னார்கள். அன்று சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அடுத்த தை மாதம் மேலிருந்து ஒரு கடிதம். வியாபாரத்துக்குத் தொந்தரவான நிபந்தனைகள் இருந்தால் காரணத்தோடு தெரிவிக்கவும், மூன்று பிரதிகளில். மூலக் காகிதத்தைத் தேடியெடுத்தது அப்போதுதான். முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியெல்லாம் வேண்டாம் என்று எழுதினேன். ஏழாவதை எழுதியது யார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என்ன அதிசயமோ, ஒப்புக்கொண்டார்கள்.

மாசியில் கடுக்காய்க்காரர் மறுபடி வந்தார். அன்றே பார்த்து, அன்றே சான்று கொடுத்து, சாயங்கால வண்டியில் ஏற்றிவிட்டோம். இனிமேல் காத்திருக்க வேண்டியதில்லை என்றேன்.

“போன வருசம் என்னைய இங்கியே இருக்கோணும்னு எழுதுனது யாருங்க?”

“வெள்ளைக்காரன்” என்றேன்.

“அதானே பாத்தனுங்க! நம்ம பக்கத்து ஆளு விதைக்கிற நாள்ல ஒருத்தனப் புடிச்சு வெப்பானுங்களா?” என்றவர், “இப்ப எடுத்துவுட்டது?” என்று கேட்டார்.

“நான்தான்” என்றேன்.

தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடையும் நான் வாங்கிக்கொண்டேன்.