தொண்டை மிட்டாய்க்குப் பக்கத்தில் ஒரு விளக்குப் பெட்டி

நான் அதிகம் பேசமாட்டேன். கடை வைத்திருப்பவளுக்கு இது ஆகாது என்பார்கள். ஏன் ஆகாது? ஒரகடத்துக் கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்தில்தான் என் பெட்டிக்கடை. வருகிறவர்கள் கையைக் காட்டுவார்கள், எடுத்துக் கொடுப்பேன். படிப்பு அஞ்சாவதுதான். ஆனால் எந்த ஷிப்டுக்கு எந்த பஸ் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

போன வருஷம் சிகரெட் ஏஜென்சிக்காரர் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே விளக்கு எரியும். பச்சைப் பச்சையாகப் பாக்கெட்டுகள். அவற்றிலிருக்கும் எச்சரிக்கைப் புண் படம் தெரியாதபடி பெட்டியின் விளிம்பு மறைத்துக்கொண்டது.

“ஆயா, இத்த மிட்டாய் பாட்டிலாண்ட வையி. புச்சா வேலைக்கு வர்ற புள்ளைங்க கண்ணுல படணும். மத்ததுமாரி தொண்டையில காறாது, புதினா. சும்மா ஜில்லுனு கீது.”

தொண்டை மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

தென்காசிப் பக்கத்துக்காரன் ஒருவனுக்கு வெல்டிங் லைனில் கான்ட்ராக்ட் வேலை. என்னை ஆச்சி என்பான். லைன் புகையில் தொண்டை கரகரத்து இருமுவான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் இரண்டு மிட்டாய் வாங்குவான். ஒருநாள் மிட்டாய் தீர்ந்துபோயிருந்தது. பேசாதவள் அன்றைக்குப் பார்த்து வாயைத் திறந்தேன்.

“இது ஜில்லுனு இருக்குமாம்பா. தொண்டைக்கு எதமாம்.”

“சிகரெட்டா ஆச்சி? எனக்குப் பழக்கமில்லையே.”

“புதினாதாம்பா.”

சளி பிடித்தால் புதினா, ஓமவல்லி என்றே வளர்ந்தவள் நான். குளிர்ச்சியாக இருப்பது கெடுக்கும் என்று தோன்றவே இல்லை. அவனும் மிட்டாயை விட்டான். இருமலும் நின்றது. எனக்கு உள்ளுக்குள் பெருமை. தினம் ஒன்று என்பது ஒரு பாக்கெட் ஆனது.

பிறகு பெர்மனென்ட் ஆக்குவதற்கு மெடிக்கல் டெஸ்ட் வைத்தார்கள். அன்றைக்கு வந்தவன் எதுவும் வாங்காமல் பெஞ்சில் உட்கார்ந்தான்.

“குழாயில ஊதச் சொன்னாவ ஆச்சி. மூச்சு பத்தல. மூணு மாசத்துல மறுபடி ஊதணும். அப்பவும் பத்தலைன்னா ஊருக்குப் போவ வேண்டியதுதான்.”

“இருமலே இல்லியேப்பா உனக்கு?”

“அதான் விஷயமே. அந்த ஜில்லு தொண்டைய மரத்துப்போவ வச்சிருதாம். பொகை போறது தெரியாம ஆழமா இழுத்திருக்கேன். விடுறதும் லேசுல முடியாதுன்னு டாக்டரம்மா சொல்லுதாவ.” சிரித்தான். “நல்லவேளை, நீங்க மருந்துக்கடை வைக்கல.”

மறுநாளே விளக்கின் ஒயரைப் பிடுங்கினேன். ஏஜென்சிக்காரர் வந்தபோது பாக்கெட்டுகள் பையில் தயாராக இருந்தன.

“இன்னா ஆயா, லைட்டு அவுஞ்சி கீது?”

“நாந்தான் அவுச்சேன். எட்த்துகினு போ.”

“நல்லாத்தான போவுது?”

“அதான் எட்த்துகினு போன்றேன்.”

“புதினா ஆயா. ஒண்ணியும் பண்ணாது.”

“அப்டின்னா உன் வூட்டுப் புள்ளைங்களுக்கு வாங்கினு போ.”

ஒரு வருஷமாக அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். அவர்தான் ரோட்டைப் பார்த்தார்.

“பக்கத்துக் கடையில வெப்பாங்க.”

“அங்கயும் போய் சொல்லுவேன்.”

சொன்னேன். டீக்கடைக்காரர் கேட்டுக்கொண்டார், புரோட்டா கடைக்காரர் சிரித்தார். மற்ற சிகரெட்டும் இருப்பு தீர்ந்தபின் நான் வாங்கவில்லை. பெட்டி இருந்த இடத்தில் இப்போது வாழைப்பழத் தார் தொங்குகிறது.

தென்காசிக்காரன் விட்டுவிட்டான். முதல் வாரம் வந்து, “ஒண்ணே ஒண்ணு, ஆச்சி” என்று நின்றான். இல்லை என்றேன். புரோட்டா கடைப் பக்கம் பார்த்தான். ஆனால் போகவில்லை.

இன்னும் பதினோரு நாளில் மறுபடி ஊத வேண்டும். ஊதிவிடுவான். இருமல் திரும்ப வந்திருக்கிறது. தொண்டைக்கு உணர்வு வந்துவிட்டது என்று அர்த்தம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும். இரண்டு மிட்டாயை எடுத்து வைப்பேன்.